ஹெரால்டின் கதவு இடைவெளி: ஷிம் வைப்பதா, சேசிஸை வெட்டி ஒட்டுவதா, பாடியைத் தூக்குவதா?

என் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் இடது கதவை மூடினால், பின்ஓரத்தின் மேல்மூலையில் ஒரு ரூபாய் நாணயம் நுழையாது. அதே ஓரத்தின் கீழ்மூலையில் சுண்டுவிரல் நுழையும். பானெட்டின் பின்விளிம்பு கதவைவிட வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பானெட்டில் தொடங்கி வால்விளக்கு வரை ஒரே கோடாக ஓட வேண்டிய விளிம்பு, கதவில் கீழே இறங்கி, பின்பக்கத்தில் மறுபடி ஏறும். வண்டியை மூன்று டிங்கர்களிடம் காட்டினேன். முதலாமவர், பட்டி வைத்து ஓரத்தை இழுத்துவிடலாம் என்றார். இரண்டாமவர், கீலில் வாஷர் போட்டால் போதும் என்றார். மூன்றாமவர் எழுபதைத் தாண்டியவர். கதவைத் தொடவே இல்லை. ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார். "கதவுல ஒண்ணுமில்ல தம்பி. கதவு உக்காந்திருக்கிற வீடு சாஞ்சிருக்கு" என்றார்.

மூன்று பதில்களுக்கும் செலவு வேறு, ஆகும் காலம் வேறு, கையில் கிடைக்கும் வண்டியும் வேறு. ஹெரால்டு வைத்திருப்பவர்கள், வாங்கப்போகிறவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்கத்தான் போகிறார்கள். நான் எப்படி முடிவெடுத்தேன், இன்னொருவர் வண்டியாக இருந்தால் எப்படி எடுக்கச் சொல்வேன் என்று எழுதுகிறேன்.

இந்த வண்டியில் மட்டும் ஏன் இவ்வளவு இணைப்புகள் என்பது தெரிந்தால் பாதித் தெளிவு வந்துவிடும். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிக்கொண்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லாமல்போகவே, தனி சேசிஸ் போட்டு, பாடியைப் பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்து அதன் மேல் போல்ட் போட்டு மாட்டும் பழைய வழிக்கே திரும்பினார்கள். இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலோட்டி அதற்கு உருவம் கொடுத்தார். 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் அதே வண்டியை 948 சி.சி. இன்ஜினோடு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் செய்தது. புது வண்டிகளிலேயே இணைப்புகள் வழியாக மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது என்ற புகார் அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இருந்தது. ஆக, இது வயதாகி வந்த நோய் மட்டும் இல்லை, கூடவே பிறந்தது.

சேசிஸின் நடுவே இரண்டு கனமான சட்டங்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றிலிருந்து இரண்டு பக்கமும் கைகள் நீள்கின்றன. அவுட்ரிகர் என்று பெயர். அந்தக் கைகளின் நுனிகளை ஓர் ஓரச்சட்டம் இணைக்கிறது. டாஷ்போர்டுக்கு முன்னால் நிற்கும் பல்க்ஹெட்டும் முன்தளமும் ஒரு துண்டு. பின்இருக்கையும் டிக்கியும் சேர்ந்த பின்தொட்டி இன்னொரு துண்டு. இரண்டின் ஓரங்களையும் தாங்குவது அந்தக் கைகள்தான். கதவு பல்க்ஹெட்டில் தொங்கி, பின்தொட்டியின் தூணில் போய்ப் பூட்டிக்கொள்கிறது. அதாவது கதவு இடைவெளி என்பது இரண்டு தனித் துண்டுகளுக்கு நடுவே உள்ள தூரம். கைகளுக்குள் சேறு புகுந்து ஈரம் தங்கித் துரு அரித்தால் ஒரு துண்டு சாயும், இடைவெளி காட்டிக்கொடுக்கும்.

அம்பாசிடரிலும் பத்மினியிலும் இந்தக் கதை கிடையாது. அவற்றின் உடல் ஒரே கூடு. அங்கே இடைவெளி கெட்டால் அடிபட்டிருக்க வேண்டும், அல்லது கூடே துருப்பிடித்திருக்க வேண்டும். அதனால் அம்பாசிடரில் கைபழகிய டிங்கர் ஹெரால்டைப் பார்த்ததும் சுத்தியலையும் பட்டியையும் எடுப்பது இயல்பு. அவர் மேல் குற்றமில்லை. ஹெரால்டுக்கு முதலில் ஸ்பேனர் வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எந்த வழி என்று தீர்மானிக்கும் முன் அரைநாள் ஒதுக்கி அளந்து பாருங்கள். இதைச் செய்யாமல் வண்டியைப் பட்டறையில் விடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

கதவைப் பாதி திறந்து, பின்ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்குங்கள். கடகடவென்று ஆடினால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. கல் மாதிரி நின்றால் கீலில் குறையில்லை. தொங்கிய கதவும் சாய்ந்த தூணும் மேல்மூலையில் ஒரே மாதிரி இடைவெளியைக் குறைத்துக் காட்டும். இரண்டையும் பிரித்துச் சொல்வது இந்தத் தூக்கல்தான்.

அடுத்து, வண்டி சமதளத்தில் நான்கு சக்கரத்தில் நிற்கும்போது ஒவ்வொரு கதவைச் சுற்றியும் ஆறு இடங்களில் இடைவெளியை அளந்து எழுதுங்கள். பின்ஓரத்தில் மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் பின்தொட்டியின் முன்பகுதி இறங்கியிருக்கிறது, தூண் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. மேலே அகன்று, கீழே குறுகியிருந்தால் டிக்கிப் பக்கம் உள்ள கைகள் போயிருக்கின்றன, தொட்டி பின்னோக்கி உட்கார்ந்திருக்கிறது. இடைவெளி மேலும் கீழும் சமமாக இருந்து, கதவு மொத்தமாக உள்ளேயோ வெளியேயோ நின்றால், அது வெறும் செட்டிங் விஷயம்.

பிறகு நடுச்சட்டத்தின் பின்பக்கம் ஒரு ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்கி, அதே ஆறு இடங்களையும் மறுபடி அளந்து பாருங்கள். என் வண்டியில் மேல்மூலை இரண்டு மில்லிமீட்டர் மாறியது. நல்ல சேசிஸ் அப்படி வளையாது. அந்த இரண்டு மில்லிமீட்டரைப் பார்த்த பிறகுதான் பெரியவர் சொன்னதை முழுதாக நம்பினேன்.

கடைசியாக, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு. சேசிஸில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கும் போல்ட் துளைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். முன்இடதிலிருந்து பின்வலதுக்கும், முன்வலதிலிருந்து பின்இடதுக்கும் குறுக்கே டேப் பிடியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நடுச்சட்டம் நேர். நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை 5 மி.மீ. அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் வண்டி எப்போதோ பலமாக அடிபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

பட்டியும் ஓரம் வெட்டுவதும்

அகன்ற பக்கத்தில் பட்டி ஏற்றி, குறுகிய பக்கத்தில் கதவு விளிம்பைத் தேய்த்துவிட்டால், ஒரு வாரத்தில் வண்டி பார்க்க நேராகிவிடும். ஆனால் உள்ளே சாய்வது நிற்கவில்லை. மேடுபள்ளச் சாலையில் சேசிஸ் வளையும்போதெல்லாம் கதவு தூணில் இடிக்கும். விளிம்பில் வைத்த பட்டிக்குப் பிடிப்புக் குறைவு, முதலில் உதிர்வது அதுதான். அதைவிடக் கெட்டது விளிம்பைத் தேய்ப்பது. கதவின் வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடிந்து நிற்கும் இடம் அது. மடிப்பைத் தேய்த்தால் தகடு பிளந்து தண்ணீர் உள்ளே இறங்கும். பின்னால் யாராவது சேசிஸைச் சரிசெய்தால், தேய்த்த கதவு அப்போது பொருந்தவும் பொருந்தாது. எனக்குத் தெரிந்து இந்த வழிக்கு எந்த நியாயமும் இல்லை.

எல்லாம் சரியான பிறகும் ஒரு மூலையில் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக நின்றால், விளிம்பில் மெல்லிய கம்பியை வைத்துச் சிறிது சிறிதாகப் பற்றவைத்து, அரம் போட்டு இழைக்கலாம். அது இரும்பின் மேல் இரும்பு, உதிராது. அம்பாசிடர், பத்மினிக்கும் இதுதான் சரியான மருந்து.

ஷிம்மும் கீலும்

பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் பேக்கிங்கும், ஷிம் என்ற மெல்லிய தகட்டுத் துண்டும் உண்டு. ஒரு ஷிம்மைச் சேர்த்தால் அந்த இடத்தில் பாடி அந்த அளவு உயரும். கீலில் போல்ட் துளைகள் பெரிதாக இருக்கும், உள்ளே நட்டுத் தகடு நகரும். பூட்டிக்கொள்ளும் ஸ்ட்ரைக்கரும் நகரும். கம்பெனியில் வண்டியைச் செட் செய்ததே இப்படித்தான். ஆகவே இதை ஒட்டுவேலை என்று நினைக்க வேண்டாம்.

துரு இல்லாத சேசிஸுக்கு இதுவே முழு வைத்தியம். இரண்டு வார இறுதிகள், ஒரு ஸ்பேனர் செட், கூட ஓர் ஆள் போதும். 4 மி.மீ. பிளைவுட்டைத் துண்டுகளாக வெட்டி, கதவைச் சுற்றிச் செருகி, போல்ட்டுகளைத் தளர்த்தி, கதவைப் பிளைவுட்டின் மேல் உட்காரவிட்டு மறுபடி இறுக்குங்கள். அறுபது வருடம் கழற்றாத போல்ட் என்றால் முதல்நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். அவசரப்பட்டால் தலை முறிந்து, நட்டுத் தகடு தூணுக்குள் விழுந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரே மவுண்ட்டில், அதாவது பாடி சேசிஸில் உட்காரும் ஒரே போல்ட் இடத்தில், மூன்று, நான்கு ஷிம் என்று ஏறிக்கொண்டே போனால் கீழே ஏதோ இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். என் வண்டியின் இடது நடுக்கையின் மேல் ஐந்து வாஷர்கள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிமன். எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் கை இறங்க இறங்க வாஷரை ஏற்றியிருக்கிறார்கள்.

பாடி மேலே இருக்கக் கைகளை மட்டும் மாற்றுவது

நான் எடுத்த வழி இது. பெரும்பாலான ஹெரால்டுகளுக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். நடுச்சட்டங்கள் திடமாக இருந்து, கைகளும் ஓரச்சட்டமும் மட்டும் அரித்திருந்தால், பாடியைத் தூக்காமலே அவற்றை வெட்டி எடுத்துப் புதிது வைக்கலாம். பாடியே அளவுகோலாக நிற்கிறது. புதுக் கை எங்கே வர வேண்டும் என்று கதவு சொல்லும்.

இன்ஜின், கியர்பாக்ஸ், சீட் எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். எடை இறங்கிய சேசிஸ் ஒரு மாதிரி நிற்கும், ஏறியது வேறு மாதிரி நிற்கும். கதவில் கண்ணாடியும் அதைத் தூக்கும் மெக்கானிசமும் இருக்க வேண்டும், வெறும் கதவு பொய் சொல்லும். டிக்கிக்குள் இருக்கும் பெட்ரோல் டேங்கை மட்டும் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். பேட்டரி இணைப்பையும் தரைவிரிப்புகளையும் எடுத்துவிடுங்கள். இதில் சமரசமே வேண்டாம்.

வண்டியை நான்கு ஸ்டாண்டில், நடுச்சட்டத்தின் அடியில் தாங்கி நிறுத்தினோம். மட்டம் பார்க்க வீடு கட்டுபவர்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். நீளமான வண்டிக்கு ரசமட்டத்தைவிட அது நம்பகமானது. முன்தூணுக்கும் பின்தூணுக்கும் நடுவே உள்பக்கமாக ஒரு இரும்புக் கம்பியைத் தற்காலிகமாகப் பற்றவைத்தோம். பிறகு ஒரு பக்கம் மட்டும், அதிலும் ஒரு கை மட்டும். ஒன்றை முழுதாக முடிக்காமல் அடுத்ததைத் தொடவில்லை. பழைய கையை வெட்டும் முன் அதன் போல்ட் துளை நடுச்சட்டத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று மூன்று திசையிலும் எழுதிக்கொண்டோம்.

புதுக் கையை முதலில் சேசிஸில் பற்றவைக்காமல், பாடியின் மவுண்ட்டில் போல்ட் போட்டுத் தொங்கவிட்டோம். இதைப் பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். அதன் அடியில் ஜாக்கி வைத்து, கதவு மேல்மூலையில் 4 மி.மீ. வரும்வரை மெல்ல ஏற்றினோம். இடைவெளி வந்ததும் நடுச்சட்டத்தில் நான்கே நான்கு புள்ளிப் பற்று. கதவைப் பத்துமுறை திறந்து மூடி, மறுபடி அளந்து, அதன்பிறகு முழு வெல்டிங். ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் அங்கே என்று மாற்றி மாற்றி வைத்து, நடுவே ஆறவிட்டோம். ஒரே ஓட்டமாக இழுத்தால் சூட்டில் கை முறுக்கிக்கொள்ளும், பட்ட பாடெல்லாம் வீண். கேஸ் வெல்டிங்கைவிட சிஓ2 வெல்டிங்கே இதற்கு ஏற்றது, சூடு பரவுவது குறைவு. கைகளுக்கு 2 மி.மீ. தகடு எடுத்தோம்.

குறைகளும் உண்டு. கையின் மேல்முகம் தரைத்தகட்டை ஒட்டி இருப்பதால் அங்கே வெல்டிங் குழாய் போகாது. மல்லாந்து படுத்துச் செய்யும் வெல்டிங்குக்குக் கைத்தேர்ந்தவர் வேண்டும். நடுச்சட்டத்தின் மேல்பக்கத்தில் துரு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது, தட்டிக் கேட்டும் கம்பி விட்டும்தான் அறிய முடியும். இதை ஏற்றுக்கொண்டுதான் இந்த வழியில் இறங்க வேண்டும். எனக்கு இடதுபக்கம் இரண்டு கைகளும் ஓரச்சட்டத்தில் ஒரு பகுதியும், வலதுபக்கம் ஒரு கையும் ஆயின. மூன்று மாதம் பிடித்தது. அதில் பாதி, வெல்டருக்குக் காத்திருந்த நாட்கள். இடது கதவு இப்போது மேலே 4, கீழே 5 மி.மீ.

பாடியை முழுதாகத் தூக்குவது

இதுதான் சிறந்தது என்று பலர் சொல்வார்கள். சேசிஸ் தனியே கிடைத்தால் எல்லா முகமும் கண்ணுக்குத் தெரியும், மேலிருந்து வெல்டிங் செய்யலாம், உள்ளும் புறமும் பெயிண்ட் அடிக்கலாம். உண்மைதான். ஆனால் ஒன்றை யாரும் சொல்வதில்லை. சேசிஸிலிருந்து கழற்றிய ஹெரால்டு பாடிக்குத் தனியாக விறைப்பு கிடையாது. குறுக்குக் கம்பிகள் வைக்காமல் தூக்கினால் பல்க்ஹெட் ஒரு பக்கமும் பின்தொட்டி ஒரு பக்கமும் வளையும். திரும்ப இறக்கும்போது பழைய அளவுகோல் எதுவும் இருக்காது, இடைவெளிகளைச் சுழியத்திலிருந்து பிடிக்க வேண்டும். கதவு இடைவெளிக்காக மட்டும் பாடியைத் தூக்குகிறவர், தூக்கியதாலேயே வரும் இடைவெளிப் பிரச்சினையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்.

இடமும் யோசிக்க வேண்டும். ஒரு வண்டி இரண்டு வண்டியின் இடத்தை எடுக்கும். சென்னையில் கடல்காற்று படும் இடத்தில் பிரைமர் அடிக்காத தகடு ஒரே இரவில் செம்மை பூத்துவிடும். கழற்றிய நட்டும் போல்ட்டும் டப்பாக்களில் இருக்க, வேலை நின்றுபோன ஹெரால்டுகளை நானே நான்கைந்து பார்த்திருக்கிறேன். பார்க்கவே மனது கஷ்டமாக இருக்கும்.

அப்படியானால் எப்போது தூக்கலாம்? நடுச்சட்டத்திலேயே ஓட்டை விழுந்திருந்தால், குறுக்களவு என் எல்லையைத் தாண்டியிருந்தால், அல்லது தரைத்தகடும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால், தயங்காமல் தூக்குங்கள். அப்போதும் மேலே இருக்கும்போதே முடிந்த அளவு இடைவெளியைச் சரிசெய்து, குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்த பிறகு தூக்குங்கள்.

வேறு ஹெரால்டின் நல்ல சேசிஸை வாங்கி அடியில் வைத்துவிடலாமே என்றும் கேட்பார்கள். வேலையாகப் பார்த்தால் சுலபம், காகிதத்தில் அப்படியில்லை. ஆர்.சி. புத்தகம் சேசிஸ் எண்ணோடு கட்டப்பட்டது. 50 வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதியும், சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டி என்றுதான் கேட்கிறது. நம் சேசிஸைக் காப்பாற்றிக்கொள்வது வண்டிக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

பானெட்டுக்கு முறை கடைசியில்தான்

கதவுகள் உட்காரும்வரை பானெட்டைத் தொடாதீர்கள். மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கித் திறக்கும் அவ்வளவு பெரிய தகட்டுக் கூடு, கதவுக்குத் தக்கபடி நகரட்டும். பானெட்டுக்குத் தக்கபடி கதவை நகர்த்தினால் பின்பக்கம் முழுவதும் கெடும். முன்கீல்களில் முன்பின்னும் மேல்கீழும் நகர்த்தக் கொஞ்சம் இடம் உண்டு. பின்விளிம்பின் உயரம் பல்க்ஹெட்டில் இருக்கும் ரப்பர் கூம்புகளில் நிற்கிறது. பக்கத்துக் கொக்கிகள் இழுத்துப் பிடிப்பவை. அவற்றால் இடைவெளியைத் திருத்தப் பார்க்காதீர்கள், கொக்கி இருக்கும் இடத்தில் தகடு விரிந்துவிடும்.

என் பானெட்டில் ஒரு முறுக்கு இருந்தது. இடது பின்மூலை உட்கார்ந்தால் வலது எழும். பெரியவர் எழுந்து நின்ற மூலை காற்றிலேயே இருக்கட்டும் என்று விட்டு, உட்கார்ந்த மூலைக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தார். பிறகு எழுந்த மூலையில் இரண்டு உள்ளங்கையும் வைத்து மெதுவாக அமுக்கினார். விட்டுப் பார்த்தார், மறுபடி அமுக்கினார். சுத்தியலே எடுக்கவில்லை. ஆறாவது தடவையில் இரண்டு மூலையும் ஒன்றாக உட்கார்ந்தன.

தகடு மாற்ற வேண்டியிருந்தால் எதை வாங்குவது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஹெரால்டின் தகடு, அடியில் துரு இருந்தாலும், கிடைத்தால் அதையே எடுங்கள். வளைவு சரியாக இருக்கும், துருப்பிடித்த அடியை மட்டும் கையால் செய்துகொள்ளலாம். கதவுக்குக் கீழே ஓடும் சில் (sill) மாதிரி நேரான துண்டை நல்ல டிங்கர் 20 கேஜ் தகட்டில் அழகாகவே செய்துவிடுவார். இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது இரண்டு கதவு வண்டிகளுக்குச் சாத்தியம், அதையும் அளந்து பார்க்காமல் வெட்டாதீர்கள். 1968-ல் வந்த மார்க் 3, நான்கு கதவு வண்டி, இந்தியாவில் மட்டும் செய்யப்பட்டது. அதன் கதவுகளுக்கு இங்கேயே தேடுவதைத் தவிர வழியில்லை. மார்க் 3 வைத்திருப்பவர்கள் உதிரிக் கதவு கண்ணில் பட்டால், தேவை வரும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பரும் வெள்ளிப் பட்டையும்

இடைவெளி எல்லாம் சரியான பிறகு, பெயிண்டும் அடித்து, புது ரப்பர் பீடிங் ஒட்டியதும் கதவு அரை அங்குலம் வெளியே நின்ற கதையை நிறையப் பேர் சொல்வார்கள். கடையில் கிடைக்கும் கெட்டி ரப்பர்தான் காரணம். உள்ளே துளையுள்ள மெத்தென்ற ரப்பராகத் தேடி வாங்குங்கள். அதை பெயிண்டுக்கு முன்பே ஒருமுறை மாட்டி, ஸ்ட்ரைக்கரை அதற்கு ஏற்ப வையுங்கள். ஒரு கெட்டி ரப்பரை ஒரு வாரம் அழுத்தி வைத்து மெதுவாக்கப் பார்த்தேன், அது பலிக்கவில்லை.

பாடியின் மேல் அலங்காரமாக ஓடும் வெள்ளிப் பட்டைகளுக்கும் இதே விதிதான், பெயிண்டுக்கு முன்னால் எல்லாம் ஒருமுறை மாட்டப்பட வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் வண்டிக்கு பெயிண்ட் மட்டும் அடிக்கக் கொடுத்திருந்தேன். பழைய கிளிப் துளைகளையெல்லாம் பட்டி வைத்து மூடிவிட்டார்கள். பட்டையை மாட்டும் நாளில் பளபளக்கும் பெயிண்டின் மேல் டிரில் வைத்துப் புதுத் துளை போட்டார்கள். ஒன்றில் டிரில் வழுக்கிக் கோடு விழுந்தது. ஒரு மழைக்காலம் கழிந்ததும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பழுப்பு வளையம். இப்போது அத்தனையையும் தகடு வைத்து அடைத்து, மறுபடி சரியான இடத்தில் போட்டிருக்கிறேன்.

ஹெரால்டின் பானெட்டில் மேல்தகடும் மட்கார்டும் சேரும் மூட்டை மூடிக்கொண்டு ஒரு பட்டை ஓடுகிறது. மூட்டு நேராக இல்லையென்றால் பட்டை அதை மறைக்காது, ஊருக்கே காட்டும். ஹெட்லைட்டுக்கு மேலிருந்து வால்விளக்கு வரை ஒரு வெள்ளை நூலை இழுத்துக் கட்டி, தள்ளி நின்று பாருங்கள். வண்டியின் கோட்டில் இயல்பாகவே மெல்லிய ஏற்ற இறக்கம் உண்டு. கதவு இடைவெளி வரும் இடத்தில் மட்டும் படி மாதிரி உடைகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. படி தெரிந்தால் பட்டையை வளைக்காதீர்கள், கதவுக்குத் திரும்பிப் போங்கள்.

பழைய பட்டையைச் செப்பனிடுவதா, புதிது வாங்குவதா? நீளமும் வளைவும் நுனி மூடியும் இந்த வண்டிக்கென்றே வந்தவை என்பதால், ஒடியாத பழசு எதுவானாலும் எனக்கு அதுதான் முதல். ஸ்டெயின்லெஸ் பட்டையில் விழுந்த பள்ளத்தைப் பின்னாலிருந்து மரத்துண்டு வைத்துத் தட்டி, பஃபிங் செய்தால் புதிதாகிவிடும். அலுமினியம் மென்மையானது, அதைத் தட்டும்போது நீண்டுவிடும், கவனம். துத்தநாக வார்ப்பில் செய்த பெயர் எழுத்து மாதிரிப் பொருட்களில் குரோம் பொங்கிப் புள்ளி விழுந்திருந்தால் நிலைமை வேறு. புள்ளி போகும்வரை தேய்த்தால் எழுத்தின் விளிம்பே போய்விடும். அவற்றுக்கு நல்ல நிலையில் உள்ள வேறொன்றைத் தேடுவது மேல். உள்ளூரில் தகட்டில் வளைத்துத் தரும் பட்டைகள் நேரான இடத்துக்குச் சரி, மட்கார்டு வளைவில் நெளியும்.

கழற்றும்போது ஒவ்வொரு மவுண்ட்டிலிருந்தும் எடுத்த ஷிம்களைத் தனித்தனி கம்பியில் கோர்த்து, எந்த மவுண்ட் என்று அட்டையில் எழுதிக் கட்டிவையுங்கள். என் வண்டியின் அட்டைகள் இன்னும் கராஜ் சுவரில் தொங்குகின்றன. இடது நடுக்கையின் அட்டையில் அந்த ஐந்து வாஷர்கள் இருக்கின்றன. இப்போது அந்த மவுண்ட்டில் ஒரே ஒரு ஷிம்தான்.